தம் கட்ட முடியாதவருக்கு ஈரல் எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படி?

கல்லீரல் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வரி உண்டு: நோயாளி மூச்சை அடக்க ஒத்துழைக்காததால் படங்கள் தெளிவாக இல்லை. பணம் கட்டி, வெறும் வயிற்றோடு காத்திருந்து, ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் குழாய்க்குள் படுத்து எழுந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது அந்த வரிதான். வீட்டில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு நோயாளியைத்தான் கடிந்துகொள்கிறார்கள். "கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" வயிற்றில் நீர் கோத்து, நாலு படி ஏறினாலே இளைக்கிற மனிதரால் இருபது விநாடி தம் கட்ட முடியவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரைப் பார்த்தாலே தெரிகிறதே, பிறகு ஏன் நன்றாக மூச்சு அடக்கக்கூடியவருக்கான முறையிலேயே அவருக்கும் எடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

மூச்சு அடக்கச் சொல்வது கருவியின் மந்தத்தால் வந்த தேவை. அந்த மந்தத்தைச் சமாளிக்க இன்று பல வழிகள் வந்துவிட்டன. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேனுக்கு முன்பே யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அசையும் உறுப்பு, மெதுவான கருவி

ஈரல் உதரவிதானத்துக்கு நேர் அடியில், அதோடு ஒட்டி இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போதே மேலும் கீழுமாக சுமார் 1 முதல் 2.5 செ.மீ. வரை நகரும். ஆழ்ந்து இழுத்தால் இன்னும் அதிகம். அதற்குள் நாம் தேடும் புற்றுக்கட்டியோ சில சமயம் 1 செ.மீ.தான் இருக்கும். அதாவது, கட்டியின் அளவை விட அது இடம் மாறும் தூரம் அதிகம்.

எக்ஸ்ரே போல ஒரே நொடியில் எம்.ஆர்.ஐ. படம் விழுவதில்லை. உடம்பிலிருந்து வரும் ரேடியோ சிக்னல்களை வரிவரியாகச் சேகரித்து ஒரு கட்டத்தை நிரப்புகிறார்கள். அதற்குப் பெயர் கே-ஸ்பேஸ். அது முழுதாக நிரம்பிய பிறகு கணிப்பொறி அதைப் படமாக மாற்றித் தரும். சிக்கல் என்னவென்றால், இந்த வரி ஈரலின் மேல் பாகம், அந்த வரி கீழ்ப் பாகம் என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தைப் பற்றிய தகவல் கலந்திருக்கும். பத்து வரி சேகரிக்கும்போது ஈரல் ஓரிடத்திலும் அடுத்த பத்து வரிக்கு வேறோரிடத்திலும் இருந்தால், கெடுவது ஏதோ ஒரு மூலை அல்ல, படம் முழுவதும் கெடும். வயிற்றுச் சுவரின் வெள்ளைக் கோடு நாலைந்து நகல்களாகப் பிரிந்து ஈரலின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். ரேடியாலஜிஸ்டுகள் இதைப் பேய் பிம்பம் என்பார்கள். அதற்குள் 1 செ.மீ. கட்டியைத் தேடுவது வீண் வேலை.

இந்த வரிவரி முறைக்கு வழி திறந்த 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அனில் குமார். அப்போது சுவிட்சர்லாந்தில் வேதியியலாளர் ரிச்சர்ட் எர்ன்ஸ்டோடு வேலை செய்தார், பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அதை நடைமுறைக்குத் தோதான வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகக் குழு. 1980 ஆகஸ்டில் அவர்கள் முதல் நோயாளியை உள்ளே அனுப்பியபோது மார்பில் ஒரு கட்டி, எலும்பில் பரவிய புற்று, கூடவே இயல்பு கெட்ட ஒரு ஈரலும் தெரிந்தன. ஆக, முதல் நாளிலிருந்தே ஈரல் இந்தக் கதையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு தொகுதிப் படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகும். அத்தனை நேரம் யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது என்பதால் அப்படிக் கேட்கவும் இல்லை. கருவிகள் வேகம் கூடக் கூடத்தான் 'ஒரு மூச்சில் ஒரு தொகுதி' என்ற எண்ணமே சாத்தியமானது. 1999-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நீல் ராஃப்ஸ்கியின் குழு வைப் என்ற முப்பரிமாண முறையை வெளியிட்டது. முழு ஈரலையும் ஒரே மூச்சில் மெல்லிய துண்டுகளாக எடுத்துவிடலாம் என்றானது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஸ்மாஷ், சென்ஸ், கிராப்பா என்று அடுத்தடுத்து வந்த முறைகள், வயிற்றின் மேல் வைத்து சிக்னல் வாங்கும் 'காயில்' என்ற பட்டையில் உள்ள பல ஆன்டெனாக்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தி, வரிகளில் பாதியை எடுக்காமலே விட்டுவிடலாம் என்று காட்டின. நேரம் பாதியானது. இதெல்லாம் பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு 15 முதல் 20 விநாடி மூச்சை அடக்குவது ஈரல் எம்.ஆர்.ஐ.யின் எழுதாத நிபந்தனையாக ஆகிவிட்டது. நுரையீரல் நன்றாக இருப்பவரை மனதில் வைத்துப் போட்ட நிபந்தனை அது. ஈரல் ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பலர் அப்படி இருப்பதில்லை. ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோயில் வயிற்றில் சேர்ந்த நீர் உதரவிதானத்தை மேலே தள்ளும். சிலருக்கு நெஞ்சுக்கூட்டிலும் நீர் இருக்கும். வயதானவர்களுக்கு இதயத் தளர்ச்சியோ, பீடி சிகரெட் தந்த நுரையீரல் நோயோ கூடவே வரும். ஈரல் செயலிழந்து மூளை மந்தமாகிப்போனவருக்கு நாம் சொல்வதே புரியாமல் போகலாம்.

எல்லாப் படத்துக்கும் மூச்சை அடக்கத் தேவையில்லை

ஈரல் எம்.ஆர்.ஐ. என்பது ஒரு படம் அல்ல, ஏழெட்டு வகைத் தொகுதிகள். அவற்றில் பலவற்றை மூச்சு விட்டுக்கொண்டே எடுத்துவிடலாம் என்பது நோயாளிகளுக்குத் தெரிவதில்லை.

நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 படங்களுக்கு ஒற்றை வீச்சு முறை இருக்கிறது. ஒரு துண்டுக்கு ஒரு விநாடிகூட ஆகாது, அதனால் மூச்சு விட்டாலும் அந்தத் துண்டு உறைந்த மாதிரி வந்துவிடும். கூர்மை சற்றுக் குறையும், ஆனால் பித்தப்பைக் கல்லோ நீர்க்கட்டியோ தெரியாமல் போகாது. இன்னும் கூர்மை வேண்டுமென்றால் மூச்சைப் பின்தொடர்ந்து எடுக்கலாம். வயிற்றில் ஒரு பெல்ட் கட்டி அதன் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது ஒரு வழி. உதரவிதானத்தின் விளிம்பையே சிறு சிக்னலால் கண்காணிப்பது இன்னொன்று, இதற்கு நேவிகேட்டர் என்று பெயர். மூச்சை வெளியே விட்டு முடித்து அடுத்ததை இழுக்கும் முன் ஒரு சிறு இடைவெளி இருக்கிறதே, அந்த நேரத்தில் மட்டும் கருவி தரவு எடுக்கும். சில நிமிடங்கள் ஆகும், நோயாளி ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு குறை: மூச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். இரைத்து இரைத்து, தாறுமாறாக மூச்சு விடுகிறவரிடம் கருவி அந்த இடைவெளியைத் தேடிக்கொண்டே இருக்கும், நேரம் இழுத்துக்கொண்டே போகும். வயிறு நீரால் இறுகிப்போனவருக்கு பெல்ட் சரியாக அசைவைப் பிடிக்காது, அங்கே நேவிகேட்டர் நல்லது.

நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படங்களும் இதே வகைதான். ஒவ்வொரு படமும் விநாடியின் ஒரு பகுதியில் முடிந்துவிடுவதால் மூச்சு விட்டபடியே எடுக்கலாம். இதயத் துடிப்பால் ஈரலின் இடது பாகம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பித்தக் குழாய்களுக்கான எம்.ஆர்.சி.பி.யையும் மூச்சைப் பின்தொடர்ந்து எடுப்பதே வழக்கம். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா பிள்ளைகளின் ஈரலில் சேர்ந்த இரும்பை அளக்க ஒரே மூச்சில் முடிகிற முறையும் உண்டு, மூச்சு விட்டபடியே சுமார் பத்து நிமிடத்தில் அளக்கும் முறையும் உண்டு. பிள்ளையின் வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் எலாஸ்டோகிராஃபி மட்டும் இதில் பிடிவாதக்காரர். விலாவின் மேல் வைத்த தட்டிலிருந்து விநாடிக்கு 60 அதிர்வுகளை அனுப்பி, அலை ஈரலுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளையை முதல் ஆசிரியராகக் கொண்ட குழு 1995-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முறை. இதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் சில விநாடிகள் அசையாமல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் துண்டுகள் நாலைந்துதான், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

தப்பினால் திரும்பி வராத அந்த சில விநாடிகள்

உண்மையான சிக்கல் ஆர்ட்டீரியல் ஃபேஸ் என்ற ஒரு கட்டத்தில் இருக்கிறது. மேலே சொன்ன படங்கள் கெட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை அப்படி எடுக்க முடியாது.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. ஈரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி இதற்கு நேர்மாறாகப் பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடிக்கும். ஆகவே கையில் கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் ஒளிரச் செய்யும் மருந்து, போட்ட அரை நிமிடத்தை ஒட்டி, மருந்து தமனிக்கு வந்துவிட்டது, போர்ட்டல் சிரை வழியாக இன்னும் முழுதாக வரவில்லை என்ற குறுகிய நேரத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிரும். ஒன்றேகால் நிமிடத்தில் ஈரல் முழுதும் ஒளிர்ந்துவிடும், கட்டி அதில் மூழ்கிவிடும் அல்லது கருத்துப்போகும். இந்த ஒளிர்வும் கருப்பும் சேர்ந்து தெரிந்தால், சிரோசிஸ் உள்ளவரிடம் பயாப்சி ஊசி குத்தாமலேயே புற்று என்று முடிவு சொல்ல முடிகிறது. ஈரல் கட்டிகளுக்கான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் லை-ராட்ஸ் வகைப்பாடு இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அந்த ஒளிர்வு இல்லையென்றால் 'நிச்சயமாகப் புற்று' என்ற வகையில் சேர்க்கவே முடியாது.

அந்த நேரத்தில் நோயாளி இருமிவிட்டால் போச்சு. மருந்து உடம்பெங்கும் பரவிவிட்டது, அதே நாளில் இன்னொரு முறை ஊசி போட்டுத் தொடங்குவது நடைமுறையில் இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது. கேடாக்சிடேட் என்ற மருந்து, பிரைமோவிஸ்ட் என்ற பெயரில் கிடைப்பது, ஈரல் செல்களுக்குள்ளேயே புகக்கூடியது. போட்ட மருந்தில் ஏறக்குறைய பாதி ஈரல் வழியாகவே பித்தத்தில் வெளியேறும். 20 நிமிடம் கழித்து எடுத்தால் நல்ல ஈரல் வெள்ளையாகவும், ஈரல் செல் இல்லாத கட்டி கருப்பாகவும் தெரியும். சிறு கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் அருமையான மருந்து. ஆனால் இதைப் போட்டதும் சிலருக்குச் சில விநாடிகள் மூச்சு முட்டுகிறது, சரியாக ஆர்ட்டீரியல் ஃபேஸ் நேரத்தில்! 2013-இல் ரேடியாலஜி இதழில் மேத்யூ டேவன்போர்ட் குழு இதை விவரித்த பிறகு பலரும் ஆராய்ந்தார்கள். எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அடுத்த கட்டப் படத்துக்குள் தானாகவே சரியாகிவிடும், ஆபத்தில்லை. மருந்தை உப்புநீரில் கலந்து மெதுவாக, விநாடிக்கு 1 மி.லி. அளவில் செலுத்துவது சில இடங்களில் வழக்கம். முந்தைய ஸ்கேனில் ஒருமுறை இப்படி வந்தவருக்குத் திரும்பவும் வர வாய்ப்பு கூடுதல் என்பதால் அதை டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூச்சுத் திணறல் உள்ளவருக்கு எந்த மருந்து என்பது ஆகவே சின்ன விஷயம் இல்லை. சிரோசிஸ் நோயாளிக்கு இருக்கும் கட்டி புற்றா என்பதுதான் கேள்வி என்றால் ஆர்ட்டீரியல் ஃபேஸ்தான் உயிர்நாடி, அவருக்கு ஈரல் செல்லுக்குள் புகாத வழக்கமான கேடோலினியம் மருந்தே பத்திரம் என்பது என் கருத்து. குடல் புற்று ஈரலுக்குப் பரவியிருக்கிறதா, அறுவைக்கு முன் எத்தனை கட்டி என்று எண்ண வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே 20 நிமிடம் கழித்து எடுக்கும் படம்தான் முக்கியம். அதை அவசரமில்லாமல், ஒருமுறை கெட்டால் மறுமுறை என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு கேடாக்சிடேட்டையே போடலாம்.

மூச்சு விட்டபடியே, ஊசியோடு

ஆர்ட்டீரியல் ஃபேஸையே மூச்சு விட்டபடி எடுக்க முடியாதா? முடியும், கருவியில் அதற்கான மென்பொருள் இருந்தால்.

கே-ஸ்பேஸை மேலிருந்து கீழாக வரிவரியாக நிரப்பாமல், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல நடுவின் வழியாகச் சுற்றிச் சுற்றி நிரப்புவது ரேடியல் முறை. ஒவ்வொரு கம்பியும் நடுப்புள்ளியைக் கடப்பதால் அங்குள்ள தகவல் திரும்பத் திரும்பப் பதிவாகிறது, அசைவு சராசரியாகிப்போகிறது. பேய் பிம்பம் வருவதில்லை. பதிலுக்குக் கொஞ்சம் மங்கலும் ஓரங்களில் கதிர்க் கோடுகளும் வரும். 1973-இல் பால் லாட்டர்பர் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. படமே இந்த மாதிரிச் சுற்றும் முறையில்தான். வரிவரி முறை வந்ததும் ஓரங்கட்டப்பட்டது, மூச்சுப் பிரச்சினைக்காக மறுபடி அழைத்து வந்திருக்கிறார்கள்.

இதோடு 2007-இல் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜான் பாலி மூவரும் எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்த கம்ப்ரெஸ்டு சென்சிங் சேர்ந்தது. மிகக் குறைந்த தரவிலிருந்தே கணக்குப் போட்டு முழுப் படத்தை மீட்கும் வித்தை அது. இரண்டையும் இணைத்து நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்டதுதான் கிராஸ்ப். நோயாளி சும்மா மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பார். கருவி நிறுத்தாமல் கம்பி கம்பியாகச் சேகரித்துக்கொண்டே இருக்கும், இடையில் ஊசி போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, எந்த விநாடி முதல் எந்த விநாடி வரை ஒரு படம் என்று உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஆர்ட்டீரியல் ஃபேஸைத் தவறவிடும் கவலையே இல்லை. பிறகு வந்த மேம்பாட்டில் மூச்சின் நிலைப்படியும் தரவைப் பிரித்தார்கள். சிறு குழந்தைகளுக்கும் குழப்பத்தில் இருக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய வரம். தம் கட்டக்கூடியவருக்கு மட்டும் பழைய ஒரு மூச்சுப் படமே இன்றும் கூர்மையானது, அவருக்கு இதைப் போடத் தேவையில்லை.

இந்த மென்பொருள் எல்லா கருவியிலும் இருக்காது. இல்லாத இடத்தில் சிக்கனமான வழி, ஒரே மூச்சில் இரண்டு மூன்று வேகமான ஆர்ட்டீரியல் தொகுதிகளை எடுத்துவிடுவது. கடைசியில் நோயாளி மூச்சை விட்டுவிட்டாலும் முதல் ஒன்றாவது தேறும். துண்டுகளைச் சற்றுத் தடிமனாக்கி 20 விநாடியைப் பத்துப் பன்னிரண்டாகக் குறைப்பது அதைவிட எளிது, எந்தக் கருவியிலும் முடியும். மென்மையான குறைந்த கூர்மைப் படம், கூர்மையான பேய்ப் படத்தைவிட எவ்வளவோ மேல். இப்போது வரும் கருவிகளில் செயற்கை நுண்ணறிவு குறைந்த தரவிலிருந்து படத்தைத் துப்புரவாக்கித் தருகிறது, பத்து விநாடிக்குள் ஒரு தொகுதி முடிகிறது. படம் பார்க்க அழகாக இருப்பதும் அதில் உள்ள சிறு கட்டி உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் ரேடியாலஜிஸ்ட் மனதில் வைத்திருக்க வேண்டும்.

செலவில்லாத வேலைகள்

மென்பொருளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பல ஸ்கேன்கள் கெடுவது அதைவிடச் சாதாரணமான காரணங்களால்தான். ஒலிபெருக்கியில் ஒரு பதிவுக் குரல் ஆங்கிலத்தில் மூச்சை நிறுத்தச் சொல்லும், கிராமத்திலிருந்து வந்த பெரியவருக்கு அது எப்போது என்ன சொல்கிறது என்றே புரியாது. டெக்னீஷியன் மைக்கில் "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்கம்மா" என்று தமிழில் சொன்னாலே படம் தேறிவிடும். காது மந்தமானவருக்கு உறவினர் ஒருவர் உள்ளே நின்று கையைத் தொட்டுச் சைகை காட்டலாம், அந்த உறவினர் உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற எதுவும் இல்லை, பையில் இரும்பு எதுவும் இல்லை என்று சோதித்த பிறகு.

குழாய்க்குள் போகும் முன் வெளியிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். எத்தனை விநாடி தாங்குகிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால், தொகுதியின் நீளத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் ஈரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும், அதனால் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் இளைப்பு உள்ளவர்களுக்கு இழுத்துப் பிடிப்பதே எளிது. அப்படியானால் அதையே செய்யட்டும், எல்லா முறையும் ஒரே மாதிரி செய்தால் போதும்.

தொடங்கும் முன் நாலைந்து முறை நன்றாக மூச்சு வாங்கிக்கொள்வதும், மூக்கில் ஆக்ஸிஜன் வைப்பதும் தம் கட்டும் நேரத்தை நீட்டுகின்றன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, சாதாரண இரும்பு சிலிண்டர் அந்த அறைக்குள் போகவே கூடாது. 2018-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்த உறவினர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். கருவியில் படம் ஓடாத நேரத்திலும் காந்தம் விழித்தேதான் இருக்கும். சுவர்க் குழாயிலிருந்தோ எம்.ஆர்.ஐ.க்கென்றே வந்த அலுமினிய சிலிண்டரிலிருந்தோதான் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும்.

வயிற்று நீரை எடுக்கப் போவதாக மருத்துவர் ஏற்கெனவே திட்டமிட்டிருந்தால், ஸ்கேனுக்கு முந்தைய நாள் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மல்லாந்து படுப்பதும் மூச்சும் இரண்டுமே லேசாகும், நீர் தேங்கியிருக்கும்போது காந்த வலிமை அதிகமான 3 டெஸ்லா கருவியில் விழும் கருநிழல்களும் குறையும். மயக்க மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் சொன்னபடி மூச்சை நிறுத்த மாட்டார், குறட்டைதான் விடுவார். முழு மயக்கம் கொடுத்து, மயக்க மருத்துவரே வென்டிலேட்டரைச் சில விநாடி நிறுத்தித் தருவது வேறு விஷயம். அது பெரும்பாலும் குழந்தைகளுக்கு, அதற்கான வசதி உள்ள மருத்துவமனையில் மட்டும் செய்வது.

இவ்வளவும் செய்து தேறாது என்று முன்பே தெரிந்தால், சி.டி.யை நோக்கிப் போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இன்றைய சி.டி. கருவி முழு ஈரலையும் சில விநாடிகளில் கடந்துவிடும். லை-ராட்ஸும் பல கட்ட சி.டி.யை எம்.ஆர்.ஐ.க்கு இணையாகவே ஏற்கிறது. நல்ல சி.டி., கெட்டுப்போன எம்.ஆர்.ஐ.யைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சில சிறு கட்டிகள் அதில் தப்பக்கூடும் என்றாலும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு சி.டி.யின் அயோடின் மருந்து யோசனைக்குரியது. அவருக்குக் குறிப்பிட்ட ஒரு கட்டியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கான்ட்ராஸ்ட் போட்ட அல்ட்ராசவுண்ட் இருக்கிறது, அதன் மருந்து நுண்குமிழிகளாக மூச்சு வழியாகவே வெளியேறிவிடும்.

ரிப்போர்ட்டில் அந்த ஒத்துழைப்பு வரி வந்தேவிட்டால், எந்தத் தொகுதி கெட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்ட்டீரியல் ஃபேஸ் மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருக்கலாம், அப்போதும் அதில் நிறையச் சொல்ல முடியும். படம் கெட்டதால் வகைப்படுத்தவே முடியவில்லை என்பதற்கு லை-ராட்ஸில் எல்.ஆர்.-என்.சி. என்று தனிக் குறியீடே உண்டு. அது வந்தால் 3 மாதத்துக்குள் திரும்ப எடுக்கவோ வேறு வகை ஸ்கேனுக்குப் போகவோ வேண்டும். திரும்ப எடுப்பதென்றால் பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டைக் கையோடு கொண்டுபோய், போன முறை எந்த மருந்து போட்டார்கள், எங்கே மூச்சு தவறியது என்பதைச் சீட்டுப் பதியும்போதே சொல்லிவிடுங்கள். ரேடியாலஜிஸ்ட் முறையை மாற்றி அமைப்பதற்கு அது தெரிந்தால்தான் முடியும்.